மூன்றில் ஒரு பச்சை

வாரத்தில் இரண்டு நாள் என் இடது கையை ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். வலது கை மட்டும்தான் எனக்கு. சும்மா கிடக்கும் அந்தக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நான் பேசப் பேச, திருப்பூரில் இருக்கும் என் மகள் செல்வி கேட்டு எழுதுகிறாள். மூன்றாம் வகுப்பில் வாத்தியாரின் குச்சியைப் பார்த்து ஓடி வந்தவள் நான். என் பேச்சை அவள் தேய்த்து மடித்துத்தான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. எங்காவது சுருக்கம் தெரிந்தால் அது என்னுடையது.

பிரஷர் பார்க்கும் மிஷினும், அதைக் குறித்து வைக்கும் ஆப்பும் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன். நோயிலிருந்து எழுந்து வந்தவள் புத்தி சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுந்திருக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரரை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பின்பும் மாமா. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மலையிலிருந்து மூட்டை இறங்கினால், வெளியூர் வியாபாரிக்கு அனுப்ப அதிலிருந்து ஒரு கை காய் எடுத்துச் சின்னப் பையில் போட வேண்டும். அதுதான் சாம்பிள். அதைப் பார்த்துத்தான் மூட்டைக்கே விலை பேசுவார்கள். மாமா கையை விட்டு அள்ளுவார், தட்டில் பரப்புவார். வெளுத்தது, வெடித்தது, சூம்பியது கண்ணில் பட்டால் தலையை ஆட்டிக்கொண்டு மூட்டையிலேயே திரும்பக் கொட்டிவிட்டு இன்னொரு கை அள்ளுவார். நல்ல பச்சையாக, திரண்ட காயாக வரும் வரை அள்ளுவார். அது ஏமாற்று என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"இல்லாததையா வச்சேன்? அந்த மூட்டைல உள்ளதுலதான நல்லத வச்சேன்" என்பார்.

அதுவும் நியாயம்தான். செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் குறட்டையையா எடுத்துச் சொன்னோம்? (இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி.)

எனக்குப் பிரஷர் என்று சொன்னவர் போடியில் நாங்கள் எப்போதும் காட்டுகிற டாக்டரம்மா. பின்மண்டை கனமாக இருக்கிறது என்று போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு எண் சொன்னார். மேலே இருப்பது நெஞ்சு ரத்தத்தைப் பிழிந்து தள்ளும்போது குழாயில் உள்ள அழுத்தம். கீழே இருப்பது நெஞ்சு கொஞ்சம் ஓய்ந்து நிற்கும்போது உள்ளது. இரண்டுமே எனக்கு அதிகம்.

"ஓய்ஞ்சு நிக்கிறப்பவுமா? அப்ப என் நெஞ்சும் என்னைய மாதிரிதான். உக்காந்தாலும் சும்மா இருக்காது" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு, இது வலிக்காத நோய், உள்ளுக்குள் வேலை பார்க்கும், தினமும் அளந்து பாருங்கள் என்றார்.

செல்வி மிஷின் வாங்கி அனுப்பினாள். ஊருக்கு வந்தபோது அப்பாவின் போனில் ஆப்பையும் போட்டுக் கொடுத்தாள். ரொம்பச் சுலபம். இரண்டு எண்ணையும் போட்டால் அது நிறம் காட்டும். நல்லதென்றால் பச்சை. கொஞ்சம் ஏறினால் மஞ்சள். ரொம்ப ஏறினால் சிவப்பு. மாதம் முழுவதும் போட்டதைக் கோடாகவும் காட்டும்.

"பச்சதான் நல்லது, வெளங்குச்சாப்பா?" என்று செல்வி கேட்டாள்.

"போடி இவளே. பச்சையப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் மாமா.

அன்று பிடித்தது இந்த வேலை. காலையில் காபி குடித்து முடித்ததும் என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைப்பார். பட்டையைச் சுற்றுவார். மிஷின் உறுமும்.

"நூத்தி அறுவத்தெட்டு. இது சரியில்ல புள்ள. இப்பத்தான் அடுப்படிலருந்து வந்த. கொட்டு இத."

"கொட்டுறதுக்கு மூட்டையா மாமா? என் ரத்தம்."

"பேசாத. பேசுனா ஏறும். இன்னொரு கை அள்ளுவோம்."

இரண்டாவது தடவை கொஞ்சம் இறங்கும். அதுவும் அவருக்குப் பிடிக்காது. மூச்சை இழுத்து விடு, கண்ணை மூடு, மலையில் குரங்கணி ஓடையை நினைத்துக்கொள் என்பார். மூன்றாவதில் நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் ஒன்று வரும். முகம் மலர்ந்துவிடும். அதைத்தான் போனில் போடுவார். பச்சை எரியும். அதைப் படம் பிடித்துச் செல்விக்கு அனுப்புவார். 'சூப்பர்ப்பா' என்று உடனே பதில் வரும். அந்தச் சூப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

மாதா மாதம் டாக்டரம்மாவிடம் போவோம். அவர் அளந்தால் அதிகமாக இருக்கும். மாமா உடனே போனை நீட்டுவார். டாக்டரைக் கண்டாலே சிலருக்குப் படபடப்பில் ஏறுமாம், அதனால் வீட்டில் எடுத்ததுதான் நம்பகமாம். டாக்டரம்மா போனைப் பார்ப்பார். ராசிங்காபுரத்து வயல் மாதிரி ஒரே பச்சை. "வீட்ல நல்லாத்தான் இருக்கு. அதே மாத்திரையே போதும் பாட்டி" என்பார். அவர் மேல் என்ன குற்றம்? சாம்பிளைப் பார்த்து விலை சொன்னார்.

இப்படியே சில வருசம் ஓடியது. கால் வீங்கியது, வயசு என்றேன். காலையில் முகம் உப்பியது. அழகு கூடுகிறது என்றேன். சோற்றைக் கண்டால் குமட்டியது; என் சமையல்தான், குமட்டாதா என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

குரங்கணியில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. ஜீப்பில் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு மேல் ஆள் உட்கார்ந்திருந்த ஜீப்பு. பாதி வழியில் எனக்கு மூச்சு கீழே இறங்கவில்லை. கண்ணெல்லாம் புகை.

"மாமா, மலை ரெண்டா தெரியுது. ரெண்டாவதுக்கும் சேத்து டிரைவர் துட்டு கேப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வளைவில் நான் அவர் மடியில் வாந்தி எடுத்தேன். டிரைவர் தம்பி வண்டியைத் திருப்பி, லோடு இறக்குகிற வேகத்தில் போடி ஆஸ்பத்திரியில் கொண்டு வந்து சேர்த்தான்.

அங்கே நர்சு பிரஷர் பார்த்தாள். எண்ணைச் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தாள். மேல் எண் இருநூறைத் தாண்டியிருந்தது.

"இன்னொரு தடவ எடு தாயி" என்றார் மாமா.

எடுத்தாள். இன்னும் ஏறியிருந்தது.

"இன்னும் ஒரே தடவ..."

"தாத்தா, இது என்ன ஏலமா, கேக்கக் கேக்க ஏறிட்டே போறதுக்கு? தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். அந்த நிலையிலும் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

ஆம்புலன்சில் ஏற்றித் தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே போனால் நம் உடம்பு நமக்குச் சொந்தமில்லை. ஒருவர் ரத்தம் எடுத்தார், இன்னொருவர் சிறுநீர் கேட்டார், கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார்கள், வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். நடுவில் காத்திருப்பு. நீளப் பெஞ்சில் எல்லோரும் ஆளுக்கொரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தோம். மாமா என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே வையுங்கள் என்றால் கேட்கவில்லை.

கிரியேட்டினின் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு வேலை செய்யும்போது சேருகிற குப்பை. கிட்னி அதை அரித்து வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரத்தத்திலேயே தங்கிவிடும். எனக்கு அது பத்து மடங்குக்கு மேல் தங்கியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிருச்சு பாட்டி. ரொம்ப நாளா பிரஷர் அதிகமா இருந்திருக்கு. அதான் கிட்னில உள்ள சின்னச் சின்னக் குழாயெல்லாம் கெட்டுப்போச்சு."

"எவ்ளோ சுருங்கிருச்சு சார்? எட்டு எம்எம் தேறுமா?"

ஏலக்காயில் எட்டு எம்எம் என்றால் முதல் தரம். அவருக்கு அது தெரியவில்லை. மாமாவுக்குத் தெரியும். திரும்பிக்கொண்டார்.

டாக்டர் குழம்பிப்போய், வீட்டில் பிரஷர் பார்க்கும் வழக்கமே இல்லையா என்று கேட்டார். மாமாவுக்கு உயிர் வந்தது. போனை நீட்டினார். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பச்சை, பச்சை, பச்சை.

"இது எப்படி வரும்? கண்ணு, கிட்னி எல்லாம் வேற கதை சொல்லுதே. யாரு எடுத்தது?"

"நான்தான் சார்" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி. "ஒருநாள் விட்டதில்ல. மூணு தடவ எடுப்பேன். அதுல சுத்தமா ஒண்ணு வருமில்ல, அதத்தான் போடுவேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"வாந்தி வருது" என்றேன் நான். வரவில்லை. மாமா பாத்திரம் தேடி ஓடினார்.

"சார், அவருகிட்டச் சொல்லிராதீங்க."

"சொன்னாத்தான பாட்டி இனிமே ஒழுங்கா எடுப்பாரு."

"இனிமே எடுத்து? போன கிட்னி பஸ்சு பிடிச்சுத் திரும்பி வருமா?"

அவர் பதில் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசாமல் இருந்தால் அதுதான் ரிப்போர்ட்டு. மாமா பாத்திரத்தோடு வந்ததும், "இனிமே எடுக்கிற எல்லாத்தையும் போடுங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அன்றிலிருந்து ஒரே கவலை. கிட்னி போனது போனதுதான். கொதித்த பாலில் எலுமிச்சை விழுந்த மாதிரி, இனி அது பாலாகாது. ஆனால் மாமாவுக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் மனுசன் என்னை முந்திக்கொண்டு போய்விடுவார். ஐம்பது வருசம் என்னிடம் எல்லாவற்றிலும் தோற்றவர், இதில் மட்டும் ஜெயிக்க விடுவேனா?

அதனால் ஒரு பொய் தயார் செய்தேன். "எல்லாம் கருவாட்டாலதான் மாமா. உப்பு. டாக்டரு சொல்லிட்டாரு. அன்னைக்கே நீங்க கண்டிச்சீங்க, நான்தான் கேக்கல."

மாமா தலையை ஆட்டினார். அன்றோடு அவரும் கருவாட்டைத் தொடவில்லை. நெத்திலிக் கருவாட்டுக்கு உயிரை விடுகிறவர்.

திருப்பூரிலிருந்து ஓடி வந்த செல்வியிடம் அந்தப் பொய் செல்லுபடியாகவில்லை. அவள் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு, கண் சிவக்க வந்தாள். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார்.

"அப்பா ஏம்மா இப்படிப் பண்ணாரு? வரட்டும், கேக்குறேன்."

"கேளு. கேட்டுட்டு, தெனமும் சூப்பர் சூப்பர்னு அனுப்பினது யாருன்னும் சேத்துச் சொல்லு."

சுருக்கென்று போய்விட்டது அவளுக்கு. நான் கொடுமைக்காரிதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வெந்நீர் கொண்டு வந்து, கட்டிலிலேயே என் தலையைத் தொங்கவிட்டு முடியை அலசிவிட்டாள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணக் கழுத்தில் குழாய் சொருகியிருந்ததால் ஈரம் படாமல் துணி வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

டயாலிசிஸ் என்றால், கிட்னி செய்ய வேண்டிய சலவையை மிஷின் செய்வது. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போகிறது, அரித்து இன்னொரு குழாயில் திரும்ப வருகிறது. அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே தேனீ இரைவது போல இருக்கும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காப்பீட்டு அட்டை இருப்பதால் மிஷினுக்குத் துட்டு இல்லை. மற்றதற்கெல்லாம் வீட்டில் வளர்த்த ஆடுகள் ஒன்றொன்றாக விலைக்குப் போய்விட்டன. மாற்றுக் கிட்னி வைக்க என் வயசும் நெஞ்சும் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இதிலெல்லாம் கொடுமை தாகம்தான். தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் நாளுக்கு ஒரு சொம்புகூடக் கிடையாது. வாய் மலையடிவாரத்துச் சித்திரை மாதம் மாதிரி கிடக்கும். மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டைப் பையில் ஏலக்காய் வைத்திருப்பார். உள்ளங்கையில் கொட்டி, விரலால் புரட்டி, நல்ல காயாக ஒன்று பொறுக்கி என் நாக்கில் வைப்பார். அடக்கிக்கொண்டால் கொஞ்சம் எச்சில் ஊறும்.

டயாலிசிஸ் போடுகிற இடத்தில் பக்கத்துக் கட்டிலில் தேவாரம் ஊர்க்காரி ஒருத்தி, வெள்ளையம்மா. ஒருநாள் அவளைக் கேட்டேன். "ஏத்தா, ஒங்க ஊர்ல யானை வருமாமே?"

"வந்து சோளத்த ஒரு கருது விடாமத் தின்னுட்டுப் போச்சு. இப்ப இந்த மிஷினு என்னையத் தின்னுது. யானையவாச்சும் வெடி போட்டு வெரட்டலாம்."

"மிஷினுக்கும் போட்டுப் பாப்பமா?"

"போட்டா நர்சு நம்மளத்தான் வெரட்டுவா."

இரண்டு பேரும் சிரித்ததில் என் மிஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. அடுத்த மாதம் ஒருநாள் போனபோது அவள் கட்டிலுக்கு நர்சு புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மாமா வலது கையில் பிரஷர் எடுப்பதை நிறுத்தவில்லை. டாக்டர் போனைப் பார்ப்பார், மாத்திரையைக் கூட்டுவார். பிறகு இன்னும் கூட்டுவார். ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து எழுந்தேன், அப்படியே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது காலைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"இங்க இம்புட்டு எறங்கிக் கெடக்கு. போன்ல ஒரே செவப்பா இருக்கே?" என்று நர்சு கேட்டாள்.

மாமா சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை நான் தூங்குகிறவள் மாதிரி கண்ணை லேசாக மூடிக்கொண்டு கவனித்தேன். முதல் தடவை எடுத்தார். எண் நன்றாகவே இருந்தது. "இத நம்பக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். என்னை எழுப்பி உட்கார வைத்து, இன்னொரு தடவை எடுத்தார். மூன்றில் எது அதிகமோ அதைப் போட்டார். சிவப்பு எரிந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யாரு மாமா சொன்னா? செல்வியா?"

"யாரும் சொல்லல."

"பெறகு?"

பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அந்தச் சின்ன டாக்டரு என்னைய ஒரு பார்வ பாத்தாருல்ல? எத்தன ஏவாரி மூஞ்சியப் பாத்திருக்கேன் புள்ள. சாம்பிள் ஒண்ணு, மூட்டை ஒண்ணுன்னு கண்டுபிடிச்ச ஏவாரி அப்படித்தான் பாப்பான். அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப கருவாடு?"

"நீ சொன்ன. விட்டேன்."

முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, எனக்காகத் தெரியாதவர் மாதிரி கருவாட்டையும் விட்டுவிட்டு, என் பொய்யைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான்தான் பெரிய கள்ளி என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் வாயில் வரவில்லை. என் வாழ்நாளில் அது புதுசு.

"பச்சையப் போட்டு ஒன்னையக் கெடுத்தேன். அதான்..." என்றார்.

"செவப்பப் போட்டு வெரசா முடிச்சிரலாம்னு பாத்தீங்களாக்கும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அழுதார். கிழவர் அழுதால் பார்க்க நன்றாக இருக்காது. முந்தானையைக் கொடுத்தேன்.

அதற்கு மறுநாள் காலை ஒரே ஒரு தடவைதான் எடுத்தோம். வந்த எண் நன்றாக இல்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். விரல் போனுக்கு மேல் நின்றது.

"எதப் போட புள்ள?"

"வந்ததப் போடுங்க மாமா."

போட்டார். சிவப்பு. படம் பிடித்துச் செல்விக்கு அனுப்பினார். வெகுநேரம் பார்த்திருந்தோம். பதில் வரவில்லை.

பிறகு சட்டைப் பையில் கையை விட்டு ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டினார். வெளுத்ததை ஒதுக்கினார், வெடித்ததை ஒதுக்கினார். நல்ல பச்சையாக ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். அதை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தேன்.